குவார்ட்டர்ஸ் புகும் படலம்

நாகர்கோவில் பக்கம் கல்லூரி குவார்ட்டர்ஸில் குடியேறுபவருக்கு முந்தையவர் விட்டுச்செல்லும் சொத்து மூன்று: சுவரில் ஆணி, மின்வாரிய அட்டை, கட்டாத பில். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். பாக்கிக்கு அந்தச் சலுகை கிடையாது. 1956 நவம்பர் 1-இல் மாவட்டமே திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தமிழ்நாட்டுக்கு மாறிவிட்டது. மின் இணைப்பில் பெயர் மாறுவதுதான் பெரும்பாடு.

அடுத்தது தண்ணீர். இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர். முக்கடல் அணை நகருக்கே குடிநீர் தருகிறது. ஆனாலும் மாடித் தொட்டியின் வால்வு வாட்ச்மேன் கையில்.

கடைசியாக இன்டர்நெட். ஃபைபர் கேபிள் நுழைய விரல் தடிமனில் ஒரு துளை போதும். ஆனால் சுவர் நிர்வாகத்துடையது. துளைக்கு மனு, மனுவுக்குக் கோப்பு, கோப்புக்குக் கையெழுத்து. அதுவரை சிக்னல் மொட்டைமாடியில், துணி காயும் கொடிக்குப் பக்கத்தில்.