கேக் வேகாமை தொடர்பாக

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தொடுபலகை அவண் தயாரிக்கும் கம்பனி.
(எந்தக் கம்பனி என்பது தங்களுக்கே தெரியும்.)

அனுப்புநர்:
ஓடருக்குக் கேக் அடிப்பவர்,
பரந்தன்.

ஐயா / அம்மணி,

மேற்படி விடயம் தொடர்பாகத் தங்களின் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவது யாதெனில், சுவிசில் இருக்கும் தம்பி புதுவீட்டுக் குசினிக்கென்று அனுப்பிவைத்த தங்கள் அவண், ஒரு பிறந்தநாள் கேக்கை உள்ளே வைத்துக்கொண்டு சூடு தர மறுத்தது. விளக்கு எரிந்தது. காற்றாடி சுற்றியது. கண்ணாடி பளபளத்தது. கேக் மட்டும் கூழாகவே இருந்தது.

அவண் என்பது அடிப்படையில் ஒரு வளைந்த கம்பி. கரண்ட் ஓடினால் சிவக்கும், நின்றால் ஆறும். பழைய அவணில் அந்தக் கம்பிக்கும் எனக்கும் நடுவில் இருந்தது ஒரு திருகி மட்டுமே. தாங்கள் திருகியை நீக்கிவிட்டு, கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அதிகாரியை அமர்த்தியிருக்கிறீர்கள். அன்னாரின் நடத்தை பற்றியதே இந்த முறைப்பாடு.

முதலாவது, அன்னாரின் நேர ஒழுக்கம். கரண்ட் ஒரு கணம் போய்வந்தால் போதும், 0:00 என்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நிற்பார். மணியைச் சரியாக வைத்துக் கொடுக்கும்வரை ஒரு பாகை சூட்டுக்கும் அனுமதி கிடையாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிறு முற்பகல், பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதால் நாடு முழுவதும் மின்சாரம் போனது. இதைச் சொன்னவர் மின்சக்தி அமைச்சரேதான். பாணந்துறைக் குரங்கின் நடமாட்டத்தைப் பரந்தன் கேக்கின் விதியோடு முடிச்சுப் போட்ட பெருமை தங்கள் பொறியியலாளர்களையே சாரும். 2022 மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த நாடு இது. இங்கே மணி தெரியாமல் வேலை தொடங்க மாட்டேன் என்பவர் எந்த நாளில் வேலை தொடங்குவார்? பேக்கரிக்காரரின் விறகுப் போறணை யாரிடமும் இதுவரை நேரம் கேட்டதில்லை.

இரண்டாவது, பூட்டு. துடைக்கிற துணி ஓரிடத்தில் கொஞ்சம் தங்கிவிட்டால் திரையில் ஒரு திறப்புப் படம் வந்துவிடும். குழந்தைகளின் பாதுகாப்புக்காம். விடுவிக்க மூன்று செக்கன் அழுத்திப் பிடிக்க வேண்டும், அதுவும் காய்ந்த விரலால். விரல் கிட்ட வரும்போது கண்ணாடிக்கு அடியிலுள்ள மின்புலம் மாறுவதைத்தான் அன்னார் 'தொடுகை' என்று கணக்கில் எடுக்கிறார். ஒரு சொட்டுத் தண்ணீரும் அதே மாற்றத்தைச் செய்யும் என்பதால், கேத்தில் ஆவியை விரல் என்றும், பட்டர் பூசிய என் விரலை ஒன்றுமில்லை என்றும் முடிவெடுக்கிறார். ஏர்த் ஒழுங்காக இல்லாத ஜெனரேற்றரில் போட்டால் இன்னும் விசேஷம்: யாரும் தொடாமலே தொட்டதாகப் பதிவாகிறது. கேக் அடிக்கிறவளின் கை எப்போதும் காய்ந்திருக்கும் என்று நம்பி இதை வரைந்தவர், குசினிக்குள் சாப்பிட மட்டும் போனவராக இருக்க வேண்டும்.

மூன்றாவது, கண்காட்சி ஒழுங்கு. அயலில் ஒருவர் வாங்கிய அவணும் சூடேறவில்லை. விசாரித்தால், கடையில் காட்சிக்கு வைத்திருந்தபோது போட்ட 'டெமோ' ஒழுங்கை எடுத்துவிட மறந்திருக்கிறார்கள். அந்த ஒழுங்கில் எல்லா விளக்கும் எரியும், எல்லாப் பொத்தானும் ஒலிக்கும், வேலை எதுவும் நடக்காது. இந்த வசதி எங்கள் நாட்டில் பல கந்தோர்களில் ஏற்கெனவே உண்டு. அவணிலும் தேவைப்படும் என்று நாங்கள் எண்ணியிருக்கவில்லை.

நான்காவதுதான் பிரதானமானது. ஒருநாள் திரை மங்கியது. உள்ளே 'டிக், டிக்' என்று ஓயாத சத்தம். பிறகு F என்ற எழுத்தும் ஓர் இலக்கமும் வந்து நின்றன. தங்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒன்றை அழுத்தினேன், இரண்டை அழுத்தினேன், நெடுநேரம் இசை கேட்டேன். கடைசியில் பேசிய பிள்ளை மிகவும் மரியாதையானவர். F என்றால் என்ன என்று கேட்டதற்கு, அது ரெக்னீசியன்மாருக்கு மட்டுமான தகவல் என்றார். ரெக்னீசியன் எப்போது வருவார் என்று கேட்டதற்கு, பரந்தன் எங்கே இருக்கிறது என்று கேட்டார். முழுப் போர்டையும் மாற்ற வேண்டும், அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், விலை புது அவணின் பாதியைத் தாண்டும் என்பது முடிவுரை.

பரந்தன், ஏ9 வீதியிலிருந்து முல்லைத்தீவுக்கு ஏ35 வீதி பிரியும் சந்தி. உப்புக் கரைசலுக்குள் மின்சாரத்தைப் பாய்ச்சி கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் எடுத்த இரசாயனத் தொழிற்சாலை இங்கேதான் இருந்தது. 1980களின் நடுப்பகுதியில் போர் அதை நிறுத்தியது. ஆக, உப்பும் மின்சாரமும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனையிறவுப் பக்கமிருந்து வரும் உப்புக் காற்று தங்கள் போர்டின் செப்புக் கோடுகளில் அதே பரிசோதனையை இலவசமாக நடத்திக்கொண்டிருக்கிறது. போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பற்றரி வராதபோது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட சனம் இது. நாலு சொட்டுப் பெற்றோலைக் காட்டி ஸ்ரார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓட்டிய சனம். அதற்கெல்லாம் எந்தக் கம்பனியும் சுற்றுப்படம் அனுப்பியதில்லை.

எனவே சந்தியிலுள்ள ரேடியோக் கடை அண்ணையிடம் போனேன். பிளக்கைக் கழற்றிய பிறகும் அண்ணை உடனே கை வைக்கவில்லை. கொண்டென்சருக்குள் கரண்ட் தங்கியிருக்கும், தெரியாதவர் தொட்டால் ஆளையே தூக்கி எறியும் என்று என்னையும் தள்ளி நிற்கச் சொன்னார். முதலில் வெப்பம் அளக்கும் சென்சரைப் பார்த்தார். அது பூச்சியம் பாகையில் 1000 ஓம் காட்டும் பிளாட்டினம் வகை. பாகைக்கு ஏறத்தாழ 3.85 ஓம் ஏறும். ஆகவே 30 பாகை வெயிலில் 1115 ஓமுக்குக் கிட்ட நிற்க வேண்டும். நின்றது. சென்சரில் குற்றமில்லை. ரிலேயின் ஈயப்பற்று வெடித்திருக்கிறதா, ரிப்பன் வயர் நுனி களிம்பேறியிருக்கிறதா என்று பார்த்தார். அங்கேயும் இல்லை.

கடைசியில் அகப்பட்டது, 230 வோல்ட் மின்சாரத்தைப் போர்டுக்கு ஏற்ற அளவுக்கு மட்டுப்படுத்தும் ஒரு கொண்டென்சர். விரல் நுனி அளவுதான். இடி இடிக்கும்போதும் போன கரண்ட் துள்ளிக்கொண்டு வரும்போதும் அதன் உள்ளே இருக்கும் மெல்லிய உலோகப் படலம் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்து தேயும். தேயத் தேய அதன் கொள்ளளவு குறையும். சித்திரை இடியும் ஐப்பசி இடியும் தின்றது போக மிச்சமிருந்தது எழுதிய அளவில் பாதியும் இல்லை. அரைச் சம்பளத்தில் அன்னார் எப்படி ரிலேயை இழுத்துப் பிடிப்பார்? பிடித்துப் பிடித்து விட்டதுதான் அந்த 'டிக், டிக்'. புதுக் கொண்டென்சரின் விலை, தங்கள் சேவைப் பிரிவின் இசையைக் கேட்க எனக்குப் போன தொலைபேசிக் காசைவிடக் குறைவு. கம்பி சிவந்தது. கேக்கும் பொங்கியது.

இது என் குசினிப் புலம்பல் என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2017 ஓகஸ்டில் சிங்கப்பூருக்கு அருகே ஜோன் எஸ். மெக்கெயின் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். விசாரணை குற்றம் கண்டவற்றில் தொடுதிரைக் கட்டுப்பாடும் ஒன்று. 2019இல் அமெரிக்கக் கடற்படை, வேகத்தைக் கூட்டிக் குறைக்கக் கையால் தள்ளும் பிடிக்கே திரும்புவதாக அறிவித்தது. ஐரோப்பாவின் கார்ப் பாதுகாப்பு மதிப்பீட்டு அமைப்பும் 2026 முதல் ஹோர்ன், வைப்பர், சிக்னல் போன்றவற்றுக்குத் தொட்டுணரக்கூடிய பொத்தான் இல்லாவிட்டால் புள்ளியைக் குறைக்கிறது. போர்க்கப்பலுக்குக் கிடைத்த பிடி என் அவணுக்குக் கிடையாதா?

ஆகவே பணிவுடன் வேண்டுவது:

அ. சூட்டுக்கு ஒரு திருகியாவது தருக.

ஆ. F இலக்கங்களின் பொருளைக் கதவின் உட்பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடுக. நோயின் பெயரை நோயாளியிடம் மறைக்கும் வைத்தியரிடம் நாங்கள் போவதில்லை.

இ. முழுப் போர்டைத் தவிர, சென்சர், ரிலே, கொண்டென்சர் ஆகியவற்றையும் தனித்தனியே விற்குக. சலவை இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி போன்றவற்றுக்கு 7 முதல் 10 ஆண்டுகளுக்கு உதிரிப்பாகம் கிடைக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் விதி இருக்கிறது. அந்த மரியாதையை அவணுக்கும் காட்டுக.

ஈ. இடிமின்னல் என்றொன்று உலகில் இருப்பதைத் தங்கள் வடிவமைப்புப் பிரிவுக்கு அறியத்தருக.

உ. மணிக்கூட்டை அன்னாரிடமிருந்து மீளப்பெறுக.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓடருக்குக் கேக் அடிப்பவர்.

பிரதிகள்:

1. சந்தி ரேடியோக் கடை அண்ணை – உரிய நடவடிக்கைக்காக. (ஏற்கெனவே எடுத்துவிட்டார்.)

2. சுவிஸ் தம்பி – அடுத்தமுறை திருகியைத் திருப்பிப் பார்த்து வாங்குவதற்காக.

3. கறுப்புக் கண்ணாடி அதிகாரி – தகவலுக்காக. வாசித்து விளங்கியதும் மூன்று செக்கன் அழுத்திப் பிடிக்கவும்.