வெள்ளம் வடிந்தாலும் கேள்வி வடியக் கூடாது

கேள்வி: மேயருக்கு நாங்கள் நேரடியாக ஓட்டுப் போடவில்லையே, அவரிடம் எப்படிக் கணக்குக் கேட்பது?
- வாசகி, முத்தையாபுரம், தூத்துக்குடி

பதில்: உரிமையோடு கேளுங்கள்! 2011-ல் தூத்துக்குடி மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2022-ல் 60 கவுன்சிலர்கள் சேர்ந்து தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் கவுன்சிலர்களுக்கு ஓட்டுப் போட்டது நீங்கள்தானே? அதனால் முதலில் உங்கள் வார்டு கவுன்சிலரைப் பிடியுங்கள், விடாதீர்கள். 2016 கடைசியிலிருந்து 2022 தொடக்கம் வரை பிடிப்பதற்குக் கவுன்சிலர்கூட இல்லாமல் ஊர் பட்ட பாடு நினைவிருக்கிறதா?

கணக்குக் கேட்க ஓர் அளவுகோல் வேண்டாமா? பரதவர் குலத்தில் பிறந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து இங்கே நகராட்சித் தலைவராக இருந்தவர். முத்து விளைந்த கடற்கரையில் குடிநீருக்குத் திண்டாட்டம். அவர் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார். 1927-ல் ஊருக்குத் தண்ணீர் வந்தது. நம் தலைவர்களை அளக்க அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தில் முத்தம்மாள் காலனி போன்ற தாழ்வான பகுதிகள் குளமாயின. நகரின் மழைநீரை வடிக்கும் பக்கிள் ஓடை கடைசியாக எப்போது தூர்வாரப்பட்டது, எவ்வளவு செலவானது? மழைக்கு முன்பே, வார்டு மக்கள் கூடும் பகுதி சபையில் எழுந்து கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். பத்துப் பேர் பத்து மனு போடுங்கள். கையோடு ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீர்கள்.