வாகனச் சோதனையும் பிரமாண விசாரமும்

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு இருசக்கர வாகனத்தில் செல்லும் சாமானியப் பிரஜை ஒருவனைக் காவல் உத்தியோகஸ்தர் கைகாட்டி ஓரங்கட்டச் சொல்லும் அந்த ஒரு நிமிஷத்தில் நமது தர்க்க சாஸ்திரம் முழுவதும் அடங்கிக் கிடக்கிறது என்பதை எந்தப் பண்டிதரும் இதுகாறும் விசாரித்ததாகத் தெரியாமையால், அக்குறையை நிவர்த்திக்கும் பொருட்டு இச்சிறு ஆராய்ச்சி எழுதலாயிற்று.

பிரமாணங்கள், அதாவது ஒன்றை அறிந்து துணியும் வழிகள், காண்டல், கருதல், உரை என மூன்று. தலைக்கவசம் இல்லாமை காண்டலால் துணியப்படுவது; அபராதம் 2022 அக்டோபரில் 100 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்ததும் அக்காட்சியின் தெளிவும் பத்து மடங்காயிற்று. புகை கண்டவிடத்து நெருப்பை ஊகிப்பது போலப் பழைய மொபெட் கண்டவிடத்து இன்ஷூரன்ஸ் இன்மையை ஊகிப்பது கருதல். அதே சாலையில் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் டிப்பர் லாரி, தார்ப்பாய் இன்றிப் புழுதி பறக்க விரையுங்கால், அது காண்டலுக்கு எட்டாத அருவப் பொருள் என்று வாதிப்பாரும் உளர். நான் அதற்கு உடன்படேன். கண்ணில் புழுதி விழுந்த பின் காண்டல் எவருக்குத்தான் சாத்தியம்?

சிக்கலெல்லாம் மூன்றாவதாகிய உரையில், அதாவது நம்பத்தக்க வாக்கையும் ஏட்டையும் ஏற்பதில்தான். வண்டியின் எண்ணைத் தட்டினால், உடையவர் பெயரும் இன்ஷூரன்ஸ் முடியும் நாளும் சர்க்காரின் ‘வாகன்’ ஏட்டிலிருந்து உத்தியோகஸ்தர் கைக்கே வந்துவிடுகின்றன. கைபேசியில் காட்டும் மின்னணு ஆவணமும் செல்லும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 2018-லேயே திருத்தப்பட்டது. ஆயினும், “ஒரிஜினல் ஆர்.சி. எங்கே?” என்ற வினா சாலையோரத்தில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. காகிதத்தின் மீது இவ்வளவு பக்தி இந்தப் பிரதேசத்தில் தழைப்பது வியப்புக்குரியது. ஏனெனில், 1995-இல் திருச்சி ஜில்லாவிலிருந்து பெரம்பலூர் பிரிய, 2001-இல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிய, மறு ஆண்டே இரண்டும் இணைய, 2007 நவம்பர் 23 அன்று மீண்டும் பிரிய, அரியலூர்வாசி ஒருவர் திண்ணையை விட்டு இறங்காமலே நான்கு முறை ஜில்லா மாறியிருக்கிறார். அவருடைய பழைய ஆர்.சி.யிலுள்ள விலாசம் எந்தப் பிரமாணத்தின்பாற்படும் என்பதை விற்பன்னர்கள் ஆராய்வார்களாக.

உடையவனிடம் காகிதம் கேட்கும் இதே சர்க்கார், அவனுடைய விவரத்தை அந்நியருக்குக் கொடுப்பதில் இத்தனை கண்டிப்புக் காட்டவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24 அன்று தீர்ப்பளித்த பிறகும், வாகன, லைசென்ஸ் விவரங்களை வர்த்தக ஸ்தாபனங்களுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய்க்கு மொத்தமாகத் தரும் கொள்கையொன்று 2019 மார்ச்சில் வகுக்கப்பட்டது. 87 தனியார் கம்பெனிகளும் 32 சர்க்கார் அமைப்புகளும் அவ்வேடுகளைப் பார்க்கும் வசதி பெற்றிருந்ததும், அதனால் 65 கோடி ரூபாய் வருமானம் வந்ததும் அவ்வாண்டு ஜூலையில் பாராளுமன்றத்திலேயே தெரிவிக்கப்பட்டன. 2020-இல் அக்கொள்கை கைவிடப்பட்டது. விற்றுப்போன விவரம் திரும்பி வந்ததாகச் செய்தி இல்லை.

கோடி கொடுத்தவனுக்கு உண்மையாக விளங்கிய ஏடு, நான்குரோட்டில் வெயிலில் நிற்கும் உடையவனுக்கு மட்டும் சந்தேகாஸ்பதமாவது தர்க்கத்துக்கு அடுக்காது. சர்க்கார் தன் ஏட்டைத் தானே நம்பும் காலம் வரும்வரை, வாசகர்கள் ஒரிஜினலைப் பையிலும் தலைக்கவசத்தைத் தலையிலும் வைத்துக்கொண்டு புறப்படுவார்களாக.