எஸ்5 எப்போது தோன்றும்? நடைமேடைப் போர்டுகளின் கால இலக்கணம்

நடைமேடைக் கூரையில், பெட்டிக்கு ஒன்றாகத் தொங்கும் சிறிய எல்இடி போர்டுகளுக்குத் தெரிந்தவை இரண்டே செய்திகள்: வண்டி எண், பெட்டி எண். 12671, எஸ்5, மறுபடி 12671, எஸ்5. வந்திருப்பது நீலகிரி எக்ஸ்பிரஸ்தான் என்பது பயணிக்கு வாசலிலேயே தெரிந்துவிட்டது. அவருக்கு வேண்டியது எஸ்5. கண்ணில் படுவதோ 12671. இது ஏன் என்பதே ஆய்வுப் பொருள். 2023 பிப்ரவரியில் சென்னை சென்ட்ரலில் ஒலிபெருக்கி அறிவிப்பைச் சோதனையாக நிறுத்தியபோது திரையே கதி என்றானதால், இது சில்லறை விஷயமும் அல்ல.

ஜாதகக் கோளாறு என்பது முன்னோர் கொள்கை. யாம் உடன்படோம். எல்.எச்.பி. பெட்டியின் நீளம் ஏறத்தாழ 24 மீட்டர். ஒரு கையில் சூட்கேஸ், மறு கையில் பிள்ளை, தோளில் முறுக்கு டின் துருத்தும் பை. இந்தக் கோலத்தில் ஒருவர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பதாகக் கொள்வோம். அடுத்த போர்டை அடைய 20 விநாடி. எல்லாப் போர்டும் ஒருசேர 5 விநாடிக்கு ஒருமுறை மாறுமாயின், முழுச் சுற்று 10 விநாடி. இருபதைப் பத்து மீதியின்றி வகுக்கும். ஆகவே முதல் போர்டில் வண்டி எண்ணைக் கண்டவர் கடைசிப் பெட்டி வரை அதையே காண்பார். சனி பகவான் நிரபராதி.

வேகத்தைக் கூட்டி 1.6 மீட்டராக்கினால் 15 விநாடி. ஒன்றுவிட்டு ஒன்றில் பெட்டி எண் தரிசனம் தரும். விசில் சத்தத்தில் பதறி 2.4-க்குப் போனாலோ 10 விநாடி, திரும்பவும் 12671! (வழியில் செருப்பு வார் அறுந்து 5 விநாடி தாமதித்தால் அது நற்சகுனம்.)

'நின்று பார்த்தால் என்ன?' என்பார் எதிர்வாதி. பின்னால் தலைச்சுமையோடு வரும் சிவப்புச் சட்டைக்காரர் "சார், ஓரம்! ஓரம்!" என்பதை அவர் கேட்டதில்லை போலும். போர்டுக்கு நேரம் குறித்தவரும் அதன் கீழே சாவகாசமாக நின்றுதான் சரிபார்த்திருப்பார் என்பது எம் ஊகம். நிற்பவருக்கு எந்தக் குறையும் தெரியாது.

டீ விற்பவரிடம் "அண்ணே, எஸ்5 எங்க வரும்?" என்று கேட்கும் வழக்கமும் உண்டு. "நாலு பெட்டி தள்ளி" என்பார், போர்டை ஏறிட்டும் பாராமல். இம்முறைக்குச் சுற்றுக் காலம் இல்லாமையால் இது எம் ஆய்வு எல்லைக்குள் வராது.