முட்டை வியாபாரிக்கு நல்ல காலம்

வா மோனை, உப்பிடி இரு. காலை எப்பன் நீட்டு பாப்பம். ஓம், விரலால அமத்தினால் குழி விழுந்து அப்பிடியே நிக்குது. நல்ல வடிவான குழி.

ரிப்போட்டில அல்புமின் 24 எண்டு இருக்காம், 35 க்கும் 50 க்கும் இடையில இருக்கவேணுமாம். அதுக்குப் பிறகு நீ பாக்கிற வைத்தியத்தை ஊரே கதைக்குது. விடிய நாலு முட்டை வெள்ளை, மத்தியானம் சட்டி நிறையச் சூடை மீன், பின்னேரம் கனடா மருமகன் பேணியில அனுப்பின புரத மா. கெட்டிக்காரன் நீ. ரத்தத்தில புரதம் குறைஞ்சால் வாயால போட்டு நிரப்பவேணும் எண்டு ஆரும் சொல்லித்தராமலே கண்டுபிடிச்சிட்டாய். முட்டைக் கடைக்காரர் உன்னைக் கண்டால் எழும்பி நிக்கிறாராம்.

எனக்கு ஒரு சின்னச் சந்தேகம்தான். நீ எப்ப பட்டினி கிடந்தனி? கலியாண வீடு, அந்தியேட்டி, கோயில் அன்னதானம் எண்டு ஒண்டையும் விடாத ஆளெல்லோ?

அல்புமினை ஈரல்தான் செய்யுது மோனை, நாளுக்கு 10, 15 கிராம் மட்டில. அது ரத்தத்துக்குள்ள நிண்டு தண்ணியைக் குழாய்க்கு வெளியால போகவிடாமல் பிடிச்சு வைக்குது. அது குறையக் குறைய, தண்ணி காலிலையும் வயித்திலையும் இறங்கும். அப்ப ஒண்டில் ஈரல் ஒழுங்காச் செய்யேல்லை, இல்லாட்டில் செய்தது எங்கையோ ஒழுகுது. டெங்கு வந்து ரத்தக் குழாய் கசிஞ்சும் அல்புமின் இறங்கும். அது வருத்தம் மாறத் தானா ஏறும். உன்ரது அப்பிடி இல்லை. வாய்க்கால் உடைஞ்சு கிடக்க ரண்டாவது மெசினையும் பூட்டி இறைக்கிறவனை வெங்காயத் தோட்டத்தில கண்டால் நீயே விழுந்து விழுந்து சிரிப்பாய்.

நான் கனக்கப் படிக்காத ஆள். ஆனால் அந்தக் காலத்தில அப்போதிக்கரி ஐயாவுக்குப் பக்கத்தில நிண்டு, கண்ணாடிக் குழாயில சலத்தை ஊத்தி ஸ்பிறிற் விளக்கில பிடிச்சவன். கொதிக்க வெள்ளையாக் கலங்கும். அசிற் துளி விட்டும் தெளியாட்டில் புரதம். லண்டனில றிச்சட் பிறைற் எண்ட டொக்டர் 1827 இலேயே, உப்பிடி வீங்கின ஆக்களின்ர சலத்தைக் காய்ச்சிப் பாத்து, சிறுநீரகம்தான் பழுதெண்டு எழுதி வைச்சிட்டார். 1847 இல கிறீன் டொக்டர் அமெரிக்காவில இருந்து வந்து, மானிப்பாயில இருந்துகொண்டு எங்கட பொடியளுக்குத் தமிழிலேயே வைத்தியம் படிப்பிச்சவர். அப்பிடிப்பட்ட மண்ணில பிறந்த நீ உன்ர சலத்தை ஒருக்காலும் குனிஞ்சு பாத்ததில்லை! நுரை அடங்காமல் நிக்குதோ எண்டு பாத்தனியே? எல்லா நுரையும் புரதமில்லை, ஆனால் சீனி வருத்தக்காரனுக்கு நாள்தோறும் நுரைச்சால் பகிடியில்லை. ஒரு நாளையில 3.5 கிராமுக்கு மேல புரதம் சலத்தோட போனால், நீ திண்ட முட்டை கிணத்தடிக்குத்தான்.

ஈரலோ சிறுநீரகமோ, ரெண்டு வருத்தத்துக்கும் கால் ஒரே மாதிரி வீங்கும், சாப்பாடுதான் வேறை. ஈரல் சுருங்கினவனுக்கு மீன் முட்டையை நிப்பாட்டச் சொல்லுறது பழைய கதை. இப்ப அவனுக்கு நிறையில கிலோவுக்கு 1.2 இல இருந்து 1.5 கிராம் புரதம் வேணும், படுக்கமுந்தி ஒரு கோப்பை கஞ்சியும் வேணும். சலத்தில ஒழுக்கிறவனுக்கு 0.8 இல இருந்து 1 கிராம் போதும். அவன் பேணி மாவைக் கரண்டி கரண்டியா அடிச்சால் ஒழுக்குக் கூடும். எனலாப்பிரில், லொசாட்டன் மாதிரிக் குளிசைதான் ஒழுக்கைக் குறைக்கும். சிலருக்கு பிரெட்னிசோலோனும் குடுப்பினம். எது உனக்கெண்டு டொக்டர் சொல்லட்டும், நான் முத்தத்தில இருந்து சொன்னால் முத்தத்து வைத்தியம்தான்.

போத்தல் அல்புமின் ஏத்தினால் என்ன எண்டு கேக்கிறாய். 20 வீதப் போத்தல், 100 மில்லியில 20 கிராம், விலையும் நெருப்பு. வயித்துத் தண்ணியை 5 லீற்றருக்கு மேல ஊசி போட்டு எடுத்தால் ஏத்துவினம், அந்தத் தண்ணியில கிருமி பிடிச்சாலும் ஏத்துவினம். உன்ர ரிப்போட்டை வடிவாக்க ஏத்த மாட்டினம். ஏத்தினாலும் ஓட்டை அடைபடாமல் அது கெதியா வழிஞ்சு போயிடும். ரத்தத்தில நிக்கிற அல்புமினில பாதி மாறவே மூண்டு கிழமை மட்டில செல்லும். நீ திங்கக்கிழமை முட்டை திண்டு வெள்ளிக்கிழமை ரத்தம் குத்திக் குடுத்திட்டு வாறாய்.

அதுக்குள்ள மீன் இல்லாத நாளில கருவாடு! புரதமாம். உப்பு எங்க போச்சுதாம், ஆனையிறவுக்குத் திரும்பிப் போட்டுதோ? நாள் முழுக்க ஒரு தேக்கரண்டி உப்பு, 5 கிராம், அவ்வளவுதான். அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய் எல்லாம் அதுக்குள்ள அடக்கம். உன்ர மனுசிக்கு நான் சொல்லமாட்டன், பாவம், நீ சொல்லு.

பேந்து, கள்ளு குடிச்சால் ஈரல் குளிருமெண்டு ஆர் சொன்னது? தவறணைக்காரரோ? அவர் ஈரலைப் பற்றிக் கனக்க யோசிக்கிற ஆள்தான்.

நாளைக்குக் காலமை முதற் சலத்தைப் போத்தல்ல பிடிச்சுக்கொண்டு கிளினிக்குக்குப் போ. சலத்துப் புரதம் பாக்கச் சொல்லு, ஈரலுக்கும் ஒரு ஸ்கான் எடுக்கவேணுமோ எண்டு கேள். வழி தெரியாதெண்டு சொல்லாதை, தவறணைக்குப் போற அதே றோட்டுத்தான். எப்பன் முந்தி இறங்கு.