கோலும் அரியரும்

கேள்வி: எங்கள் கல்லூரி கால்பந்து அணி இந்த சீசனில் கடைசி இடம். ஆட்டக்காரர்களில் பாதிப் பேருக்கு அரியர் வேறு! ரசிகனான நான் எதற்கு அழுவது?
– ஒரு ரசிகர், சேலையூர்

பதில்: கோலுக்கு அழுங்கள். அரியருக்கு அழ அவரவர் வீட்டில் ஆள் இருக்கிறது.

பந்து உதைத்தால் படிப்பு ஏறாது என்பதெல்லாம் சும்மா. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய கேப்டன் தாலிமெரென் ஆவ், அப்போது கல்கத்தாவில் மருத்துவ மாணவர். பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடிய அந்த அணி பிரான்ஸிடம் 1-2 என்றுதான் தோற்றது. அதுவும் இரண்டு பெனால்டியைக் கோட்டைவிட்டு! ஆவ் டாக்டராகி, பின்னாளில் நாகாலாந்து சுகாதாரத் துறை இயக்குநராகவே ஆனார். பிரேசிலின் முன்னாள் கேப்டன் சாக்ரடீஸும் டாக்டர்தான்.

உங்கள் பையன்களைக் கவிழ்ப்பது காலண்டர். தாம்பரம் பக்கம் நவம்பர் என்றால் மழையும் செமஸ்டரும் கைகோத்துக்கொண்டு வரும். மைதானத்தில் கணுக்கால் தண்ணீர், பையில் நனைந்த ஓ.டி. (ஆன் டூட்டி) கடிதம். அதைக் காட்டினால் அட்டெண்டன்ஸ் கிடைக்கும். நடத்தி முடித்த பாடம் கிடைக்காதே!

விசிலடித்தது போதும். அடுத்த சீசனிலாவது, அவர்கள் தவறவிட்ட வகுப்புகளின் நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள்.