‘டெலிவரி செய்யப்பட்டது’: ஒரு காலவழு ஆராய்ச்சி

“உங்கள் பொருள் டெலிவரி செய்யப்பட்டது.” கார்த்திகை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 2.47 மணிக்குக் கைபேசியில் வந்த இந்த நான்கு சொற்களே இவ்வாய்வின் மூலபாடம். அந்த நேரத்தில் ஆய்வாளன் திருத்துறைப்பூண்டியில் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தான். தெருவில் ஓர் ஆடு போயிற்று. வேறு யாரும் வரவில்லை.

பொருள், வயலில் ஊன்றும் சோலார் எலி விரட்டி. 849 ரூபாய், முன்னதாகவே கட்டியாயிற்று. சம்பா தொண்டைக்கதிரில் நின்றது.

‘செய்யப்பட்டது’ என்பது செயப்பாட்டுவினை. செய்தவர் யார், வாங்கிக்கொண்டவர் யார் என்று சொல்லாமல் தப்பிக்க இதைவிட வசதியான வினை தமிழில் இல்லை. இணையக் கடையைக் கேட்டால், “நாங்கள் நடுவில் இருப்பவர்கள், விற்றவர் வேறு” என்றது. விற்றவர் கூரியரைக் கைகாட்டினார். கூரியர், “வீடு பூட்டியிருந்தது சார்” என்றார். பூட்டிய வீட்டில் யாரிடம் கொடுத்தார் என்பது ஒருபுறம் இருக்கட்டும்; 2018 கஜா புயலில் நிலை விலகியதிலிருந்து எங்கள் வாசற்கதவு பூட்டவே வராது.

இனி காலம். நடக்காததை நடந்ததாகச் சொல்வது காலவழு. ஆனால் நன்னூலில் பவணந்தியார் விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்ற நான்கு காரணங்களுக்காக இதை மன்னிக்கிறார்; இந்த மன்னிப்புக்கு வழுவமைதி என்று பெயர். சாப்பிட்டுக்கொண்டிருப்பவன் “இதோ வந்துட்டேன்” என்பது விரைவு. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறினால் “மழை பெய்தது” என்று இன்றே சொல்லிவிடுவது தெளிவு. கள்ளர் இருக்கும் காட்டுக்குள் புகுந்தவனை “துணியைப் பறிகொடுத்தான்” என்று முன்கூட்டியே சொல்வது மிகுதி. கடைக்காரர் தம் குறுஞ்செய்தியை விரைவில் சேர்ப்பார். நான் மிகுதியில் சேர்க்கிறேன், பறிகொடுத்தவன் என்ற முறையில்.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வழுவமைதி கிடையாது. அங்கே இதற்குச் சேவைக் குறைபாடு என்று பெயர். 1986-இன் பழைய சட்டம் இருந்திருந்தால் எதிர்த்தரப்பு இருக்கும் ஊர் எது, வழக்குக்கான காரணம் எழுந்த ஊர் எது என்று தேட வேண்டியிருக்கும். இப்போது நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்பதும் இல்லை. எதிர்த்தரப்பு பதில் சொல்ல 30 நாள். கெஞ்சினால் இன்னும் 15. பொருளைச் சோதனைக்கு அனுப்பத் தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்துக்குள் முடிக்க ‘முயல வேண்டும்’ என்கிறது சட்டம். எழுதியவருக்கு நன்னூல் தெரிந்திருக்கிறது.

எங்களுக்கு நுகர்வோர் ஆணையம் திருவாரூரில். மனுநீதிச் சோழன் ஆராய்ச்சி மணி கட்டிய ஊர். அன்று கன்றை இழந்து மணியடித்த பசுவிடமும் கட்டணம் வாங்கவில்லை, வக்கீலும் கேட்கவில்லை. ஆனால் அது ஆர்டர் எண், ஸ்கிரீன்ஷாட், பணம் போன வங்கிக் குறுஞ்செய்தி என்று செட் செட்டாக ஜெராக்ஸ் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

அம்மா ஜெராக்ஸ் கட்டைப் பார்த்தாள். “849 ரூவாய்க்கு எத்தனை தடவைடா பஸ் ஏறுவே?” இந்தக் கேள்வி ஆய்வின் வரம்புக்குள் வராது. மனுவைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

எலிக்கு வாய்தா கிடையாது. சாயங்காலம் அம்மா கிட்டி வைக்கிற பெரியவரைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தாள். நான் வயலுக்குப் போனபோது அவர் அப்போதுதான் சைக்கிளை வரப்போரம் சாய்த்திருந்தார். மூங்கில் கிட்டிகள் கேரியரில் கட்டியபடியே இருந்தன.

“அம்பது கிட்டி வெச்சாச்சு தம்பி. காலையில வந்து எண்ணிக்கங்க” என்றார், கயிற்றை அவிழ்த்துக்கொண்டே.

காலையில் போய் எண்ணினேன். ஐம்பதும் இருந்தன. பதினேழில் எலி.